இயந்திரத்தனம் என்னும் வசைச்சொல்

தமிழில் மதிப்புரை எழுதுபவர்களின் கைவசம் சில வசைச்சொற்கள் எப்போதும் தயாராக இருக்கின்றன. அவற்றில் எனக்குச் சற்றும் ஒவ்வாதது 'இயந்திரத்தனம்'. கவிதையில் உயிர் இல்லையா, இயந்திரத்தனமான நடை. நாவலின் பாத்திரங்கள் நம்பும்படி இல்லையா, இயந்திரத்தனமான சித்திரிப்பு. கவனமின்மை, சோம்பல், பழகிய தடத்தில் கண்ணை மூடிக்கொண்டு நடத்தல் ஆகிய அனைத்துக்கும் இந்த ஒரே சொல். இதை எழுதுபவர்களில் எத்தனை பேர் ஓர் இயந்திரத்தைத் திறந்து பார்த்திருக்கிறார்கள் என்பதே என் கேள்வி.

நான் திறந்தேன், வேறு வழியில்லாமல். இரண்டு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிய என் பழைய கார், மேடு ஏறும்போது அடிவயிற்றிலிருந்து கனத்த குரலில் தட்டத் தொடங்கியது. இன்ஜின் சூடேறியபின் சிக்னலில் நின்றால் ஆயில் விளக்கு மினுக்கியது. ஸ்பார்க் பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்ததில், மூன்றாவது சிலிண்டரின் முறை வந்தபோது சத்தம் அடங்கியது. கனெக்டிங் ராடின் பெரிய முனையில் உள்ள பேரிங் தேய்ந்துவிட்டது என்பதற்கு இவை வலுவான அடையாளங்கள்.

பேரிங் என்றதும் குண்டுகள் உருளும் வளையத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது எஃகு முதுகும் மென்மையான உலோக முகமும் கொண்ட இரண்டு அரைவட்ட ஓடுகள். கனெக்டிங் ராடுக்கும் கிராங்க் ஷாஃப்டுக்கும் நடுவே அமர்ந்திருப்பவை. அந்த மென்மை குறையல்ல, நோக்கம். 1839இல் ஐசக் பாபிட் உருவாக்கிய வெள்ளீயக் கலவையின் வழிவந்த யோசனை அது. தூசு புகுந்தால் ஓடு அதைத் தனக்குள் புதைத்துக்கொள்ளும். தேய்ந்தே ஆகவேண்டும் என்று வந்தால், விலையுயர்ந்த தண்டைக் காத்துத் தான் தேயும்.

நன்றாக ஓடும் இன்ஜினிலோ தண்டும் ஓடும் தொட்டுக்கொள்வதே இல்லை. 1883இல் பிரிட்டனில் பீச்சம் டவர் என்ற பொறியாளர், ரயில் அச்சுத் தாங்கிகளை ஆராய்ந்தபோது எண்ணெய் விடுவதற்காகத் தாங்கியின் உச்சியில் துளையிட்டார். எண்ணெய் உள்ளே இறங்காமல் மேலே பொங்கியது. துளையை அடைத்தார். அடைப்பானையும் அது வெளியே தள்ளியது. சுழலும் அச்சே எண்ணெயை இடுக்குக்குள் இழுத்து, சுமையைத் தாங்குமளவு அழுத்தத்தை எழுப்புகிறது என்று தெரிந்தது. 1886இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் இதைச் சமன்பாடாக்கினார். சிறிய கார்களில் இந்த இடைவெளி பெரும்பாலும் 0.02 முதல் 0.05 மில்லிமீட்டர் வரைதான். ஒரு தலைமயிரைவிட மெல்லியது. குறைந்தால் எண்ணெய் நுழையாது. கூடினால் எண்ணெய் கசிந்து அழுத்தம் விழும். பிறகு உலோகம் உலோகத்தில் மோதும்.

இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. முதல் முறை நான் செய்தது வேறு. காரை ஸ்டாண்டுகளின்மேல் ஏற்றி, ஆயிலை வடித்து, சம்பைக் கழற்றி, பழைய ஓடுகளை எடுத்துவிட்டுப் புதியவற்றைப் பொருத்தினேன். தண்டைத் துடைத்தேன், பளபளத்தது, திருப்தியடைந்தேன். அளக்கவில்லை. இரண்டு மாதத்தில் அதே தட்டல் அதே இடத்தில் திரும்பியது.

இரண்டாம் முறை இன்ஜினையே இறக்கி, தண்டை கிரைண்டிங் பட்டறைக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த பெரியவர் நகத்தால் ஒருமுறை வருடினார். அவருக்கு அப்போதே தெரிந்துவிட்டது என்பது முகத்தில் தெரிந்தது. ஆனாலும் அவர் நகத்தை நம்பாமல் மைக்ரோமீட்டரை எடுத்தார். ஒரு திசையில் அளந்தார், குறுக்குத் திசையில் அளந்தார், மறு ஓரத்திலும் அளந்தார். வட்டமாக இருக்கவேண்டியது 0.06 மில்லிமீட்டர் நீள்வட்டமாகியிருந்தது. 0.25 மில்லிமீட்டர் குறைத்துச் சாணை பிடித்துக் கொடுத்தார். அந்த அளவுக்கேற்ற தடித்த ஓடுகளை வாங்கினேன். பிறகு வீட்டில் நானும் அளந்தேன். மெழுகு போன்ற பிளாஸ்டிகேஜ் இழையைத் தண்டின்மேல் வைத்து, மூடியை டார்க் ரென்ச்சால் குறித்த அளவுக்கு முறுக்கி, மீண்டும் கழற்றி, இழை நசுங்கிய அகலத்தை அட்டையோடு ஒப்பிட்டேன். நான்கு ராடுகளுக்கும், ஒவ்வொன்றாக. மூடிகளை இடம் மாற்றாமலிருக்க எண் குறித்தேன். ராட் போல்ட்டுகளைப் புதிதாகப் போட்டேன். இன்ஜினைக் காரில் ஏற்றியபின், பிளக்குகளைக் கழற்றி வைத்து, ஆயில் விளக்கு அணையும்வரை ஸ்டார்ட்டரால் மட்டும் சுழற்றினேன்.

இந்த இரண்டில் எது இயந்திரத்தனம்? நம் மதிப்புரையாளர்களின் அகராதிப்படி முதல் முறைதான். ஆனால் அந்தத் தவற்றில் இயந்திரம் எங்கே இருக்கிறது? கண்ணுக்குப் பளபளத்ததை நம்பியவன் மனிதன். அளக்காமல் தீர்ப்புச் சொல்லியவன் மனிதன். உண்மையில் அது நம் இலக்கியச் சூழலின் பழக்கம். அதை நான் காருக்கடியில் கொண்டுபோயிருந்தேன். ஒரு நூலின் பின்னட்டையையும் நாற்பது பக்கத்தையும் புரட்டிவிட்டு ஆசிரியரின் மொத்த ஆளுமையையும் எடைபோடும் அதே பழக்கம். இயந்திரம் செய்ததெல்லாம் அந்தப் பொய்யை இரண்டே மாதத்தில் தட்டிக் காட்டியதுதான்.

இங்கே ஒரு கூட்டம் 1974இல் வெளியான ராபர்ட் பிர்சிக்கின் நூலை நீட்டும். பழுதுபார்ப்பது தியானம், கையில் கிரீஸ், மனதில் அமைதி என்று உருகும். தொழில்நுட்பத்தை வெறுத்து விலகி நிற்பவர்களை நோக்கியும் அந்த நூல் பேசுகிறது என்பது இவர்களுக்கு மறந்துபோகிறது. ஜென்னை எடுத்துக்கொண்டு மோட்டார்சைக்கிளை விட்டுவிட்டார்கள். அந்தப் பெரியவர் தியானம் செய்யவில்லை. வேலை செய்தார். அவருடைய கவனத்துக்கு ஆன்மிகப் பட்டம் சூட்டுவதும் அதை இயந்திரத்தனம் என்று இகழ்வதும் ஒரே அறியாமையின் இரு முகங்கள்.

எல்லோரும் காருக்கடியில் படுக்கவேண்டும் என்பதல்ல என் வாதம். காசும் நேரமும் கணக்கிட்டால் பழைய காரை விற்றுவிடுவது பலருக்குப் புத்திசாலித்தனமாகவே இருக்கும். தண்டு கெட்டிருந்தால் வீட்டு வேலை அத்தோடு நின்று பட்டறைக்குப் போகவேண்டும் என்பதை நானே பட்டறிந்தேன். என் வாதம் சொல்லைப் பற்றியது. நம்மைவிடக் கறாராகத் தன் பொருளைப் பார்ப்பவர்களின் தொழிலை எடுத்து, நம் சோம்பலுக்குப் பெயராக வைத்திருக்கிறோம். மோசமான நடையை மோசமான நடை என்றே எழுதலாம், எந்த வாக்கியத்தில் எது பிசகியது என்று காட்டலாம். அதற்கு அளக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

தட்டல் நின்று இப்போது பதினெட்டாயிரம் கிலோமீட்டர் ஆகிறது.