சித்திரை ஏழும் ஆவணி ஏழும்: ஒரே வெயில், ரெண்டு சூடு



போன கோடையில் பெருந்துறை சந்தைக்குப் போயிருந்தேன். டீக்கடை பெஞ்சில் உக்காந்திருந்த நாலு பேரும் செல்போனைப் பார்த்துக்கிட்டு இருந்தாங்க. "நாப்பத்தி ஒண்ணு காட்டுதுங்க" என்றார் ஒருத்தர். "சூரியன் கீழ எறங்கி வந்துருச்சு போல" என்றார் இன்னொருத்தர். எல்லாரும் வானத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டோம். ஒருத்தர்கூடத் தரையைப் பார்க்கவில்லை, நான் உட்பட. அதைப் பற்றித்தான் இங்கே பேச வந்தேன்.

முதலில் ஒரு சின்னச் சோதனை. காசு செலவில்லாதது. சித்திரை ஏழாம் தேதி வாக்கில் மதியம் 12 மணி 20 நிமிஷத்துக்கு உங்க களத்தில் ஒரு குச்சியை நேராக நட்டுப் பாருங்க. நிழலே விழாது. பெருந்துறை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 11 டிகிரிக்குச் சற்று மேலே இருக்கிறது. ஏப்ரல் 20ஐ ஒட்டிச் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வந்து வடக்கே போகிறது. திரும்பித் தெற்கே போகும்போது ஆகஸ்ட் 23ஐ ஒட்டி, அதாவது ஆவணி ஏழு வாக்கில், இன்னொரு முறை அதே இடத்துக்கு வருகிறது. அன்றைக்கும் குச்சிக்கு நிழல் இருக்காது.

ரெண்டு நாளும் அதே சூரியன், அதே உச்சி. பகல் பொழுதின் நீளமும் ஒண்ணுதான். ஆனால் சித்திரை ஏழில் மாடு நிழலை விட்டு நகராது. ஆவணி ஏழில் மதியமே வரப்பில் நின்று பேசிக்கொண்டிருப்போம். நாலஞ்சு டிகிரி வித்தியாசம் இருக்கும். சூடு முழுக்கச் சூரியன் செய்யும் வேலை என்றால் இந்த வித்தியாசம் எப்படி வந்ததுங்க?

இதைப் புரிந்துகொள்ள ஒரு விஷயம் தெரிந்தால் போதும். வெயில் காற்றை நேராகச் சூடாக்குவது ரொம்பக் கொஞ்சம். வெயில் பெரும்பாலும் காற்றைத் தாண்டி வந்து தரையைத்தான் சூடாக்குகிறது. தரை காற்றைச் சூடாக்குகிறது. தோசைக்கல்லின் மேலே கையை நீட்டினால் சுடுகிறதே, அப்படி. அதனால்தான் உச்சிப்பொழுதைவிட ரெண்டு, மூணு மணிக்குச் சூடு அதிகம். கல் காய்ந்து முடிய நேரம் பிடிக்கிறது, அவ்வளவுதான்.

மலையில் குளிர்வதற்கும் இதில் பாதிக் காரணம் இருக்கிறது. ஊட்டி சூரியனுக்கு நம்மைவிடக் கிட்டத்தில்தான் இருக்கிறது, ஆனாலும் குளிர்கிறது. கீழே சூடான காற்று மேலே ஏற ஏற விரிந்து குளிர்ந்துபோகும். கணக்காகச் சொன்னால் ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறரை டிகிரி குறையும். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். நம்ம ஊர் முந்நூறு மீட்டர் அளவில் இருக்கிறது. நமக்கு 38 என்றால் அங்கே 25, 26. ஈக்குவடார் நாட்டின் கீட்டோ நகரம் நிலநடுக்கோட்டுக்கு மேலேயே உட்கார்ந்திருக்கிறது. ஆனால் 2,850 மீட்டர் உயரத்தில் இருப்பதால் வருஷம் முழுக்க அங்கே ஊட்டி மாதிரிதான்.

அடுத்து கடல். ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்கும் வெப்பம், ஒரு கிலோ காய்ந்த மண்ணை அஞ்சு டிகிரி சூடாக்கிவிடும். தண்ணீர் மெதுவாகச் சூடாகும், மெதுவாகத்தான் ஆறும். கடலோரத்தில் இருப்பவர்களுக்கு மதியத்துக்கு மேல் கடல்காற்று வந்து கைகொடுக்கிறது. உள்நாட்டில் இருக்கும் ஈரோட்டுக்கும் கரூர் பரமத்திக்கும் அந்தக் காற்று வந்து சேருவதில்லை. 2024 ஏப்ரலில் ஈரோடு பல நாள் 40 டிகிரியைத் தாண்டித் தமிழ்நாட்டுப் பட்டியலில் முன்வரிசையில் நின்றதற்கு இதுவும் ஒரு காரணம். கடலை விட்டு விலகினால் எந்த எல்லைக்குப் போகும் என்பதற்குச் சைபீரியாவில் வெர்கோயான்ஸ்க் என்று ஒரு ஊர் இருக்கிறது. 1892இல் அங்கே உறைநிலைக்குக் கீழே 67.8 டிகிரி. 2020 ஜூன் 20ஆம் தேதி அதே ஊரில் 38 டிகிரி வெயில்!

அப்புறம் காற்றும் மேகமும். மேற்குத் தொடர்ச்சி மலை நமக்கு மழையை மறைக்கிறது. ஆனால் அந்தச் சுவரில் முப்பது கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு வாசல் திறந்திருக்கிறது, பாலக்காட்டுக் கணவாய். ஆனி, ஆடியில் அந்த வழியாகத்தான் அரபிக்கடல் காற்று கொங்கு நாட்டுக்குள் நுழைகிறது. பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலை சுற்றுவதும் அதனால்தான். கூடவே மேகம் வருகிறது. ஆகஸ்ட் 15ஐ ஒட்டிக் கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் விடுவது வழக்கம். ஆடிப்பட்டம் விதைத்த காடும் பச்சை கட்டியிருக்கும். ஆவணி ஏழு ஏன் சுடவில்லை என்பதற்கு இப்போது விடை கிடைத்துவிட்டது: கடல்காற்று, மேகம், ஈரமான தரை, பச்சை மூடிய தரை.

சித்திரை ஏழில் இந்த நாலும் இல்லை.

இப்போ என் கருத்தைச் சொல்கிறேன். நிலநடுக்கோட்டை நாம் நகர்த்த முடியாது. பெருந்துறையைத் தூக்கி ஊட்டியில் வைக்க முடியாது. கடலை இங்கே கொண்டுவர முடியாது. கணவாயின் காற்று நம்ம பேச்சைக் கேட்காது. ஆனால் தரை? அது நம்ம கையில் இருக்கிறது. சூட்டைத் தீர்மானிக்கும் காரணங்களில் உழவனுக்கென்று விடப்பட்டிருப்பது அது ஒன்றுதான். அந்த ஒன்றைத்தான் நாம் நாப்பது, அம்பது வருஷமாகக் கெடுத்து வைத்திருக்கிறோம்.

அடுத்தவரைக் குறை சொல்லவில்லை. என் கதையையே சொல்கிறேன்.

எங்கள் காட்டைச் சுத்தி அப்பாரு காலத்துக் கிளுவை வேலி இருந்தது. அஞ்சாறு வருஷத்துக்கு முன்னால், "இது எடத்தை அடைக்குது, பாம்பு வருது" என்று ஜேசிபி வைத்துப் பிடுங்கிவிட்டுக் கல்லுக்கால் நட்டு முள்கம்பி கட்டினேன். தென்னை மட்டையைக் குமித்துத் தீ வைத்தேன். கோடையில் காட்டில் ஒரு சருகு கிடக்கக் கூடாது. சுத்தமாக இருந்தால்தான் விவசாயி என்று ஒரு பெருமை. அந்த வருஷம் வைகாசிக் கடைசியில் ஒன்றரை ஏக்கர் மஞ்சள் நட்டேன். விதை மஞ்சளுக்கு மட்டுமே பெரிய காசு போனது. ஆனி பிறந்தும் மழை இல்லை. காற்று மட்டும் கம்பி வேலிக்குள் புகுந்து புகுந்து அடித்தது. முளைத்த வரைக்கும் இலை ஓரம் கருகியது. மூணில் ஒரு பங்கு முளைக்கவே இல்லை. தோண்டிப் பார்த்தால் கிழங்கு வெந்த மாதிரி சுருங்கிக் கிடந்தது. சொட்டுநீர் தினமும் விட்டும் பலனில்லை.

பக்கத்துத் தோட்டத்து அண்ணன் எனக்கு ரெண்டு நாள் முந்தித்தான் நட்டிருந்தார். அதே மண், அதே விதை. அவர் காடு பசேலென்று நின்றது. என்ன மருந்து அடிச்சீங்கண்ணா என்று கேட்டேன்.

"மருந்தெல்லாம் ஒண்ணுமில்ல தம்பி. செருப்பைக் கழட்டிப்போட்டு உன்ற காட்டுல ஒருக்கா நட. அப்பறம் என்ற காட்டுல நட" என்றார்.

மதியம் ரெண்டு மணி. என் காட்டில் பத்தடி நடக்க முடியவில்லை. குதித்துக் குதித்து வரப்புக்கு ஓடினேன். அவர் காட்டில் பார் மேலே கரும்புச் சோகையும் தென்னை மட்டையும் மூடாக்காகக் கிடந்தது. பாத்தி ஓரம் ஆமணக்கு நின்றது. சுத்தியும் கிளுவை. அங்கே நின்றுகொண்டே கால்மணி நேரம் பேசினோம். கால் சுடவில்லை.

அதில் மந்திரம் ஒன்றும் இல்லைங்க, கணக்குத்தான். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக மாறும்போது சுற்றுப்புறத்திலிருந்து எடுத்துக்கொள்ளும் வெப்பம், எட்டு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதும். பானைத் தண்ணி ஜில்லென்று இருப்பது இதனால்தான். இலை நீராவி விடும்போதும் ஈரமண் மெதுவாக உலரும்போதும் இதேதான் நடக்கிறது. வெயிலின் பெரும்பகுதி தண்ணீரை ஆவியாக்குவதில் செலவாகி, மீதிதான் சூடாகிறது. ஈரமும் இல்லை, இலையும் இல்லை என்றால் வெயில் மொத்தமும் மண்ணைச் சுடத்தான் போகும். கோடைப் பகலில் மொட்டை மண்ணின் மேற்பரப்பு 50 டிகிரியைத் தாண்டுவது நம்ம பக்கம் சாதாரணம். செல்போன் காட்டும் 41 என்பது நிழலில், ஆள் நெஞ்சு உயரத்தில் இருக்கும் காற்றின் சூடு. விதைக்கும் வேருக்கும் மண்புழுவுக்கும் அந்த எண் பொருந்தாது. அவை அந்த 50க்குள் கிடந்து வேகின்றன.

வேலி விஷயமும் அப்படியே. உயிர்வேலி காற்றை முழுக்கத் தடுக்காமல் சலித்து அனுப்பும். வேலி எவ்வளவு உயரமோ அதைப் போலப் பத்து மடங்கு தூரம் வரைக்கும் காற்றின் வேகம் குறையும். ஆறடிக் கிளுவை அறுபது அடிக்குக் காவல். முள்கம்பி ஆட்டைத் தடுக்கும், அனல்காற்றைத் தடுக்குமா?

காங்கேயம், தாராபுரம், வெள்ளகோவில் பக்கம் கொறங்காடு என்று வைத்திருப்பார்களே, அதை நினைத்துப் பாருங்க. சுத்தியும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம். மழை குறைந்த பூமியில் காங்கேயம் மாடு வளர்க்க நம்ம ஆளுங்க கண்டுபிடித்தது. அவர்கள் வெப்பமானி பார்த்ததில்லை. ஆனால் தரையை மூடி வைக்கணும், காற்றை மட்டுப்படுத்தணும், நிழல் விட்டு விட்டு விழணும் என்ற மூணையும் ஒரே வேலிக்குள் செய்து முடித்தார்கள். நம்மாழ்வார் ஐயா ஊர் ஊராகப் போய் மூடாக்கு, மூடாக்கு என்று சொன்னதும் இதுதான். நான் கூட்டத்தில் உட்கார்ந்து கைதட்டிவிட்டு வீட்டுக்கு வந்து மட்டைக்குத் தீ வைத்தவன்.

"உலகமே சூடாகுது, நீ மட்டை போட்டு நிறுத்திருவியா?" என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பூசி மெழுக வேண்டியதில்லை. நிலக்கரியும் எண்ணெயும் எரித்து, காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்காக இருந்த கரியமில வாயுவை 420க்கு மேலே கொண்டுபோய் விட்டார்கள். பூமிக்குக் கம்பளி போர்த்தின மாதிரி. 2024ஆம் வருஷம், தொழிற்சாலைக் காலத்துக்கு முந்தைய அளவைவிட ஒன்றரை டிகிரி கூடுதலான முதல் வருஷமாகப் பதிவாகிவிட்டது. நம்ம மூடாக்கு அதை நிறுத்தாது. ராத்திரிச் சூடும் கூடுகிறது. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் 1979 முதல் 2003 வரையான கணக்கைப் பார்த்தவர்கள், கோடைப் பயிரில் ராத்திரி வெப்பம் ஒரு டிகிரி கூடினால் நெல் விளைச்சல் பத்து விழுக்காடு குறைந்தது என்று 2004இல் எழுதினார்கள். இதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் பெரிய பெரிய நாடுகளும் கம்பெனிகளும்தான். அதை நாம் விடாமல் கேட்கணும்.

ஆனால் அவர்கள் பதில் சொல்லும் வரை நம்ம மஞ்சள் காத்திருக்காதே. உலகச் சூடு ஒன்றரை டிகிரி கூடியிருக்கும் காலத்தில், நம்ம காட்டு மண்ணின் சூட்டைப் பத்து டிகிரிக்கு மேலே குறைக்கிற வழி நம்ம கையில் கிடக்கிறது. அதையும் கொளுத்திவிட்டு வானத்தைத் திட்டுவது என்ன ஞாயம்?

அரசாங்கத்திடம் கேட்கவும் ஒன்று இருக்கிறது. 2022இல் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் தொடங்கி, மாநிலத்தின் பசுமைப் பரப்பை 33 விழுக்காடு ஆக்குவோம் என்றார்கள். நல்ல காரியம். நாற்று கொடுப்பதோடு நிற்காமல், இருக்கிற கிளுவை வேலிக்கும் கொறங்காட்டுக்கும் ஒரு கணக்கு வையுங்க. கம்பி வேலிக்கு யோசிக்கிற மானியத்தை உயிர்வேலி வைத்துக் காப்பாற்றுகிறவனுக்கும் யோசியுங்க. வைத்து வளர்க்க இருபது வருஷம் ஆகிற வேலியை ஜேசிபி ரெண்டு மணி நேரத்தில் பிடுங்கிவிடுகிறது. பிடுங்கியவன் என்ற முறையில் சொல்கிறேன்.

நான் திருந்தியதற்கு அடையாளமாக, மழை பார்த்து மேற்குப் பக்கம் கிளுவைப் போத்து நட்டிருக்கிறேன். இப்போதுதான் இடுப்பு உயரம். மட்டை எதுவும் காட்டை விட்டு வெளியே போவதில்லை. மஞ்சளுக்கு ஆமணக்கும் அகத்தியும் காவல் நிற்கின்றன. எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன், இன்னும் சொட்டை விழுகிறது. ஆனால் முளைப்பு தேறியிருக்கிறது, தண்ணீரும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போதும்.

வருகிற சித்திரை ஏழாம் தேதி மதியம் நிழல் விழாத அந்தக் குச்சியை நட்டுப் பாருங்க. அது சூரியனின் கணக்கு. அப்புறம் ரெண்டு மணிக்குச் செருப்பைக் கழற்றிவிட்டு உங்க காட்டில் பத்தடி நடங்க. அது நம்ம கணக்கு.