வளைவைப் பிறகு கட்டுவோம்

எங்கள் ஊர்ச் சனசமூக நிலைய நிர்வாகத்தினருக்கும் ஊரவர் அனைவருக்கும்,

நிலையத்துக்கு முகப்பு வளைவு கட்டவும் மேல்மாடி போடவும் காசு கேட்டு நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. கனடாவில், ஸ்காபரோவில் இருக்கும் எங்கள் ஊர்ச்சனம் கூடிக் கதைத்தோம். மற்றவர்கள் தங்கள் பங்கைத் தருவார்கள். என் பங்குக்கு எனக்கு வேறு யோசனை இருக்கிறது. நிர்வாகத்துக்கு மட்டும் எழுதினால் அது கூட்ட அறிக்கைக்குள் போய்ப் படுத்துவிடும் என்பதால் எல்லோரும் வாசிக்கும்படி எழுதுகிறேன்.

நான் இங்கே எலெக்ட்ரீசியன். ஊரில் ஏ.எல். முடிக்காமல் வெளிக்கிட்டவன் என்பது உங்களுக்குத் தெரியும். உணவகத்தில் கோப்பை கழுவினேன், தொழிற்சாலையில் இரவு வேலை செய்தேன். நாற்பது தாண்டிய பிறகுதான் இந்தத் தொழிலைப் பழகத் தொடங்கினேன். ஒன்ராறியோவில் இதற்கு வேலையும் வகுப்புமாக 9,000 மணித்தியாலம் பயிலுநராக இருக்க வேண்டும். கிட்டத்தட்ட ஐந்து வருடம். அதன்பிறகு சோதினை, நூற்றுக்கு 70 எடுத்தால்தான் உரிமம். கம்பி இழுப்பதற்கு என்ன படிப்பு என்று கேட்பீர்கள். மாறுமின்னோட்டம் என்று வந்தாலே திரிகோண கணிதம் வந்துவிடும். சைன், கோசைன் எல்லாம் ஊரில் பாடமாக்கி எழுதித் தப்பியவை. அவற்றை இங்கே நூலகப் புத்தகத்தையும், கான் அக்கடமியின் இலவச வீடியோக்களையும் வைத்துக்கொண்டு அடியிலிருந்து படித்தேன். (அதைத் தொடங்கிய சல்மான் கான் நடிகர் அல்ல. தன் உறவுக்காரப் பிள்ளைக்குத் தூரத்திலிருந்து கணக்குச் சொல்லிக்கொடுக்கப் போய், கடைசியில் உலகத்துக்கே சொல்லிக்கொடுத்தவர்.)

எப்படிப் படித்தீர்கள் என்று ஊரிலிருந்து பெடியள் தொலைபேசியில் கேட்கிறார்கள். விடிய நாலு மணிக்கு எழும்பிச் சத்தமாகத் திரும்பத் திரும்ப வாசிப்பதுதான் நாங்கள் பழகிய படிப்பு. வேலை செய்து களைத்து வருகிறவனுக்கு அது சரிவராது. 2006இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு பரிசோதனை முடிவை வெளியிட்டார்கள். மாணவர்களில் ஒரு பகுதியினர் ஒரு பந்தியைத் திரும்பத் திரும்ப வாசித்தார்கள். மற்றவர்கள் வாசித்துவிட்டு, பாராமல், நினைவில் நின்றதை எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடத்தில் கேட்டபோது திரும்ப வாசித்தவர்கள் முன்னுக்கு நின்றார்கள். ஒரு கிழமை கழித்துக் கேட்டபோது எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் கூடுதலாக நினைவிருந்தது. ஆகவே புத்தகத்தை மூடுங்கள். வெறுங்கடதாசியில் எழுதுங்கள். எங்கே தடக்குகிறதோ அந்த இடத்தை மட்டும் திறந்து பாருங்கள்.

இன்னொன்று, ஜேர்மனியில் செபஸ்தியன் லைட்னர் என்பவர் 1970களில் எழுதிய முறை. சின்ன அட்டைகளில் ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் விடை. சரியாகச் சொன்ன அட்டை அடுத்த பெட்டிக்குப் போகும். அதைச் சில நாள் கழித்துப் பார்த்தால் போதும். பிழைத்தது முதல் பெட்டிக்குத் திரும்பும், நாளைக்கே திரும்ப வரும். பெட்டிக்குப் பழைய சப்பாத்துப் பெட்டி காணும். மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில் நான் இந்த அட்டைகளோடு இருப்பதைப் பார்த்து, கூட வேலை செய்தவர்கள் சீட்டாட வருகிறானோ என்று நினைத்தார்கள்.

தானாகப் படித்தவர் என்றால் எல்லோரும் விஞ்ஞானி மைக்கல் பரடேயைச் சொல்வார்கள். சந்தியில் நிற்கும் ட்ரான்ஸ்போமர் அவர் 1831இல் கண்டுபிடித்த மின்காந்தத் தூண்டலில்தான் வேலை செய்கிறது. லண்டனில் புத்தகம் கட்டும் கடையில் வேலை பழகிய பையன், கட்ட வந்த புத்தகங்களை வாசித்தே மின்சாரம் படித்தான் என்பது உண்மைதான். அந்தக் கதையில் பாதியை நாங்கள் விட்டுவிடுகிறோம். சிற்றி பிலோசொபிக்கல் சொசைற்றி என்ற ஒரு சங்கத்தில் இரவில் வேலைசெய்யும் பெடியள் கூடி ஒருவருக்கொருவர் விரிவுரை செய்தார்கள். பரடே அங்கே கேட்டார், பேசினார், பிழைவிட்டுத் திருந்தினார். இரசாயனவியலாளர் ஹம்ப்ரி டேவியின் விரிவுரைக் குறிப்புகளைத் தானே புத்தகமாகக் கட்டி அவருக்கே அனுப்பி 1813இல் வேலையும் வாங்கினார். அந்தச் சங்கம் இல்லாவிட்டால் அவர் எந்தளவு போயிருப்பாரோ, எனக்குச் சந்தேகம்தான்.

இங்கே அப்படிப் படிக்க இடம் உண்டு. ரொறன்ரோவில் 100 நூலகக் கிளைகள் இருக்கின்றன. நகரில் வசிப்பவருக்கு அட்டை இலவசம், தமிழ்ப் புத்தகங்களும் உண்டு. பேரப்பிள்ளை கண்டவர்களும் அங்கே ஆங்கில இலக்கணம் படிக்கிறார்கள். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எங்கள் ஊரில் நாற்பத்தைந்து வயதில் ஒருவர் கொப்பியைத் தூக்கினால் 'அரசாங்க அதிபர் ஆகப் போறாராம்' என்று சந்தியில் சிரிப்பு. படிப்பில் எங்களைப்போல் பைத்தியமான சனம் குறைவு. ஆனால் அந்தப் பைத்தியம் பத்தொன்பது வயதோடு முடிந்துவிட வேண்டும் என்பது எங்கள் சட்டம். புலமைப்பரிசிலுக்கு ரியூசன் இருக்கிறது, ஓ.எல்.லுக்கும் ஏ.எல்.லுக்கும் இருக்கிறது. பெயில் விட்டவருக்கும், சண்டைக் காலத்தில் பள்ளிக்கூடம் விட்டவருக்கும் ஒரு மேசைகூட இல்லை.

ஆனாலும் கதவுகள் மூடிக் கிடக்கவில்லை. இலங்கையில் ஓ.எல். சோதினைக்கு வளர்ந்தவர்களும் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகத் தோற்றலாம். பல வருடம் மேசன் வேலை செய்தவர், மரவேலை தெரிந்தவர், வகுப்புக்குப் போகாமலே தன் வேலைத் திறனைக் காட்டி தேசிய தொழிற் தகைமைச் (என்.வீ.கியூ.) சான்றிதழ் பெறவும் வழி இருக்கிறது. அந்தச் சான்றிதழ் இல்லாததால் எங்கள் மேசன்மார் குறைந்த சம்பளத்துக்கு நிற்கிறார்கள் என்பதே என் எண்ணம். விண்ணப்பம் நிரப்பக் கூட இருந்து உதவ ஒருவர் வேண்டும், அவ்வளவுதான்.

என் யோசனை இதுதான். பேப்பர் வாசிக்கும் அறையைப் பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு வளர்ந்தவர்களுக்கு மட்டும் விடுங்கள். ரியூசன் மாஸ்டர் வேண்டாம். ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர் யாராவது ஒரு மூலையில் இருந்தால் போதும், கேட்டால் சொல்ல. பெண்கள் வந்துபோக வசதியாக ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தொடங்கினாலும் நல்லது. மேசை, வெளிச்சம், இரண்டு கணினி, இணையக் கட்டணம், சோதினைக் கட்டணம் கட்ட முடியாதவர்களுக்கான காசு, இவ்வளவும் என் பொறுப்பு. கல்வெட்டில் என் பெயர் வேண்டாம்.

எத்தனை பேர் வருவார்கள் என்று முதலில் கணக்கெடுக்க வேண்டாம். எந்தத் திகதியிலிருந்து அறையைத் திறப்பீர்கள் என்று மட்டும் பதில் எழுதுங்கள். அந்தக் கிழமையே காசு அனுப்புகிறேன்.

அன்புடன்,
ஸ்காபரோவிலிருந்து உங்கள் ஊரவன்