கோழிக்கு ஒரு நீதி, குழந்தைக்கு ஒரு நீதியா?

நாமக்கல் மாவட்டத்தில் கோழிப் பண்ணை கட்டுகிறவர், கடைக்கால் தோண்டுவதற்கு முன்பே திசை பார்க்கிறார். வாஸ்து பார்க்க அல்ல, வெயில் பார்க்க! கொட்டகையின் நீளம் கிழக்கு மேற்காக அமைய வேண்டும். இரு பக்கமும் கம்பிவலையாகத் திறந்திருக்க வேண்டும். கூண்டு தரைக்கு மேலே உயர்ந்திருக்க வேண்டும். கோடை பிறந்தால் கூரைக்கு வெள்ளை அடிக்கிறார்கள், தென்னங்கீற்று பரப்புகிறார்கள், தண்ணீர் தெளிக்கிறார்கள். ஏன் இத்தனை பாடு? கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. சூடு ஏறினால் வாயைப் பிளந்து இளைக்கும், தீனி குறையும், முட்டை குறையும், கடைசியில் செத்து விழும். முதல் போட்டவருக்கு நட்டம். ஆகவே கோழிக்கென்றே வானிலை முன்னறிவிப்பும் உண்டு. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வெளியிடுகிறது. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இந்த வட்டாரத்தில் பல்லாயிரம் தொழிலாளர் வீட்டு அடுப்பு எரிவது அந்தப் பண்ணைகளால்தான்.

அந்த முட்டை சத்துணவுக் கூடத்துக்கு வருகிறது. அவித்து, உரித்து, தட்டில் வைக்கிறார்கள். தின்றுவிட்டுப் பிற்பகல் இரண்டு மணிக்கு வகுப்பறைக்குத் திரும்புகிறதே பிள்ளை, அதன் தலைக்கு மேலே இருப்பது என்ன? நண்பகல் முழுதும் வெயிலைக் குடித்து, பிற்பகலில் அந்தச் சூட்டை உள்ளே இறக்கும் மொட்டைக் கான்கிரீட் தளம். முட்டை பிறந்த இடத்துக்குத் திசை பார்த்தோம். முட்டையைத் தின்னும் பிள்ளை படிக்கும் இடத்துக்குப் பார்த்தோமா?

இந்தக் கேள்வியை இப்போது எழுப்பக் காரணம் உண்டு. 2022-23 ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில், பேராசிரியர் அன்பழகன் பெயரிலான பள்ளி மேம்பாட்டுத் திட்டம் அறிவிக்கப்பட்டது. ஐந்து ஆண்டுகளில் 7,000 கோடி ரூபாய், 18,000 புதிய வகுப்பறைகள் என்றார்கள். பெரிய தொகை, பெரிய வேலை. ஆனால் அந்த அறிவிப்புக்கு முன்னே ஒரு துயரம் இருக்கிறது. 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் மாண்டார்கள். அதன் பிறகுதான் பழுதான பள்ளிக் கட்டடங்களைத் தேடித் தேடி இடித்தார்கள். அதற்கும் முன்னே, 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 பிஞ்சுகள் தீயில் கருகின. அதன் பிறகுதான் பள்ளிகளிலிருந்து கீற்றுக் கொட்டகை ஒழிந்தது. ஒவ்வொரு முறையும் பிணம் விழுந்த பிறகே நாம் பள்ளியின் கூரையையும் சுவரையும் பற்றிப் பேசியிருக்கிறோம். கீற்று போனது, தீ பயம் போனது. அதன் இடத்தில் வந்தது தகரமும் கல்நாரும் கான்கிரீட்டும். அவற்றோடு வந்தது வெக்கை.

வெக்கை யாரையும் ஒரே நாளில் கொன்று செய்தியாவதில்லை. அதனால்தான் அதற்கு ஆணையமும் இல்லை, விசாரணையும் இல்லை. ஆனாலும் அரசே அதை ஒப்புக்கொண்டாயிற்று. 2023 இல் ஜூன் முதல் நாள் திறப்பதாக இருந்த பள்ளிகள் வெயிலால் 12 ஆம் நாளுக்குத் தள்ளிப் போயின. சிறு வகுப்புகளுக்கு 14. 2024 இல் மீண்டும் ஜூன் 6 என்பது 10 ஆயிற்று. அதே ஆண்டு அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தார்கள். அதில் இறப்போர் குடும்பத்துக்கு 4 இலட்சம் ரூபாய் என்றும் சொன்னார்கள். பேரிடர் என்று அரசாணை எழுதிய பிறகு, பேரிடரைத் தாங்காத கட்டடத்தை அரசே எழுப்பலாமா?

சேந்தமங்கலம் சட்டமன்றத் தொகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே தொகுதிக்குள் கீழே சேந்தமங்கலம், மேலே கொல்லிமலைச் செம்மேடு. இடையே காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். மேலே கம்பளி தேடும் இரவு. கீழே விசிறி தேடும் இரவு. மாதிரி வரைபடம் என்று ஒன்று வைத்துக்கொண்டு அதை ஊர் ஊராக நீட்டுவது அரசுத் துறைகளின் நெடுநாள் வழக்கம். அந்தத் தாள் பேருந்தில் ஏறி 70 வளைவும் கடந்து மேலே போனாலும் மாறாது, கீழே இறங்கினாலும் மாறாது. சட்டைக்கு அளவெடுக்கிற தையல்காரர்கூட ஆளைப் பார்த்துத்தானே எடுக்கிறார்?

சமவெளியில் என்ன வேண்டும் என்பதைச் சொல்லப் பெரிய படிப்பு வேண்டாம். நம் தோழர்களில் கொத்தனார் உண்டு, கம்பி கட்டுகிறவர் உண்டு, லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைத் தொழிலாளி உண்டு. மே மாதத்தில் தகட்டைத் தொட்டவருக்கு வெப்பத்தைப் பற்றிப் பாடம் எதற்கு? சேந்தமங்கலத்தில் ஏப்ரல் 20 ஐ ஒட்டி, நண்பகலில் கதிரவன் நேர் உச்சியில் நிற்கிறது. அப்போது அடி வாங்குவது சுவர் அல்ல, கூரை. ஆகவே முதல் செலவு கூரைக்கு. தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டுக் கெட்டித்துத் தட்டோடு பதிப்பது நம் ஊர் கொத்தனாருக்குத் தெரியாத வித்தையா? அதற்கும் மேலே வெள்ளைப் பூச்சு. சுற்றுச்சூழல் துறை பசுமைப் பள்ளிகளில் இத்தகைய பூச்சைப் பூசும் திட்டத்தைத் தொடங்கியிருக்கிறது, நல்ல தொடக்கம். ஆனால் பூச்சு என்பது கட்டி முடித்த கட்டடத்துக்கு மருந்து. புதிதாகக் கட்டுவதை நோயோடு ஏன் பெற்றெடுக்க வேண்டும்? நீளவாக்கைக் கிழக்கு மேற்காகத் திருப்பினால், சன்னல்கள் வடக்கும் தெற்கும் பார்க்கும். மாலை வெயில் குறுகிய மேற்குச் சுவரோடு நின்றுவிடும். இதற்கு ஒரு செங்கல்கூட அதிகம் ஆகாது. மனையில் இடம் இருந்தால் போதும். சன்னலுக்கு எதிரே சன்னல், மேலே சூடான காற்று வெளியேற வெண்டிலேட்டர், ஆழமான தாழ்வாரம், மேற்கே வேம்பும் புங்கமும். (மரம் நடு விழாவில் படம் பிடிக்க வசதியாக வாசலில் நடுகிறார்கள். நிழல் விழ வேண்டிய இடம் மேற்குச் சுவர்!)

மின்விசிறி இருக்கிறதே என்பார்கள். இருக்கட்டும். மின்விசிறி அறைக்குள் இருக்கும் காற்றைத்தான் சுழற்றும். அது அனலாக இருந்தால் அனலைத்தான் வீசும். குளிர்சாதன வகுப்பறை என்று விளம்பரம் செய்கிறது கட்டணப் பள்ளி. அந்தக் கட்டணம் லாரி கிளீனர் மகனுக்கும், பண்ணையில் முட்டை அடுக்கும் தாயின் மகளுக்கும் எட்டாது.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. பழைய கீற்றும் மண்சுவரும்தான் இயற்கை, அதற்கே திரும்புங்கள் என்று நகரத்துக் குளிர் அறையிலிருந்து எழுதுவார்கள். கும்பகோணத்தை அறிந்த எந்தத் தாயிடமும் அந்தப் பேச்சு எடுபடாது, எடுபடவும் கூடாது. மழைக்கு ஒழுகாத, தீக்கு அஞ்சாத கெட்டிக் கட்டடம் ஏழைப் பிள்ளையின் உரிமை. கான்கிரீட் வேண்டாம் என்பதல்ல நம் வாதம். அதை மொட்டைத் தலையாக வெயிலில் நிறுத்தாதே என்பதே.

கட்டடத்தைக் கட்டுவோர் பேச்சோடு அதில் வாழ்வோர் பேச்சும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஆப்பிரிக்காவில் ஓர் ஊர் இருக்கிறது. புர்கினா பாசோ நாட்டில் காந்தோ என்ற சிற்றூர். அங்கே பள்ளி இல்லாததால் வேற்றூருக்கு அனுப்பப்பட்ட சிறுவன் பிரான்சிஸ் கேரே, நூறு பிள்ளைகளுக்கு மேல் அடைந்து கிடந்த, காற்று நுழையாத சிமெண்ட் வகுப்பறையில் வெந்து படித்தான். தச்சுத் தொழில் கற்க உதவித்தொகை பெற்று ஜெர்மனி போனவர், கட்டடக் கலை பயின்று, நண்பர்களிடம் நிதி திரட்டித் தன் ஊருக்குப் பள்ளி கட்டினார். 2001 இல் முடிந்தது. மண் கட்டடம் மழைக்கு நிற்குமா என்று முதலில் ஐயப்பட்டவர்கள் அந்த ஊரார்தான். பிறகு கல் சுமந்து, மண் பிசைந்து கட்டியவர்களும் அவர்களே. செங்கல் மேற்கூரைக்கு மேலே தகரத்தை உயர்த்தித் தூக்கி நிறுத்தினார். இரண்டுக்கும் நடுவே காற்று ஓடிச் சூட்டை அள்ளிக்கொண்டு போகிறது. 2022 இல் கட்டடக் கலையின் மிகப் பெரிய பரிசான பிரிட்ஸ்கர் பரிசு அவரைத் தேடி வந்தது. அதைப் பெற்ற முதல் ஆப்பிரிக்கர் அவர்.

நமக்கும் இது புதிதல்ல. 1950களின் கடைசியில் காமராசர் முதல்வராகவும் நெ.து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராகவும் இருந்தபோது, பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊரார் பலகையும் பெஞ்சும் சுவரும் கூரையும் கொடுத்தார்கள். அன்று பொருள் கொடுத்தார்கள். இன்று கொடுக்க வேண்டியது யோசனை. அதற்குச் சட்டமும் துணை நிற்கிறது. 2009 ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி, அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். அந்தக் குழு எழுதும் பள்ளி வளர்ச்சித் திட்டமே அரசின் நிதி ஒதுக்கீட்டுக்கு அடிப்படை என்கிறது சட்டம். எத்தனை பேர் அதைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறோம்?

மதிப்பீடு ஒப்புதலாகி, ஒப்பந்தக்காரர் கம்பி இறக்கிய பிறகு கத்திப் பயனில்லை. பொறியாளர் கையை விரித்துவிடுவார். மனை அளக்க வருகிற நாளிலேயே போக வேண்டும். உங்கள் ஊர்ப் பள்ளிக்குப் புதுக் கட்டடம் என்று காதில் விழுந்ததும், குழுவில் இருக்கும் தாய்மாரைக் கூட்டத்துக்கு அழைத்து வாருங்கள். கொத்தனார் தோழர் ஒருவரையும் உடன் அழையுங்கள். கட்டடத்தின் நீளம் எந்தத் திசை, தளத்துக்கு மேலே தட்டோடு உண்டா, மேற்குச் சுவருக்கு நிழல் எது என்று மூன்றையும் கேட்டு, பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வையுங்கள். கிராம சபை கூடும் ஊர்களில் அங்கேயும் அதே தீர்மானம். சேந்தமங்கலம் போன்ற பேரூராட்சிகளில் மன்ற உறுப்பினர் வழியாக. நகல் ஒன்று வட்டாரக் கல்வி அலுவலருக்கு, ஒன்று மாவட்ட ஆட்சியருக்கு, ஒன்று உங்கள் கையில்.