பள்ளிக்குக் கொண்டை போட்டுப் போகட்டும்

நீளக் கூந்தல் வளர்க்கும் பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டை போட்டுக்கொண்டு வரலாம் என்று ஒரே ஒரு வரி விதி வேண்டும். பல பள்ளிகளில் இன்றைக்கும் ரெட்டைச் சடையும் மடித்துக் கட்டிய ரிப்பனும்தான் சட்டம். ஒழுங்குக்காக என்கிறார்கள். நான் கம்மாபுரம் வட்டாரத்தில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். பணிக்காலம் முழுக்க முடியை அள்ளிக் கொண்டை போட்டு, வலை மாட்டித்தான் நோயாளியிடம் போனேன். எங்களுக்கு அதுதான் ஒழுங்கு. 1973இல் தமிழ்நாடு காவல் துறையில் பெண்கள் சேர்ந்தார்கள்; இன்றைக்குத் தொப்பிக்குக் கீழே அவர்கள் போடுவதும் கொண்டைதான். வேலைக்குப் போன பெண்ணிடம் அரசாங்கம் எதை ஒழுங்கு என்று கேட்டு வாங்குகிறதோ, அதையே பதினான்கு வயதுப் பிள்ளை செய்தால் வாசலில் நிறுத்தி அவிழ்க்கச் சொல்கிறோம்.

நிறுத்தப்பட்டவள் என் பேத்தி. ஒன்பதாம் வகுப்பு. இடுப்புக்குக் கீழே முடி. கைப்பேசியில் யாரோ செய்து காட்டியதைப் பார்த்து, மூங்கில் குச்சி ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு மூன்று நாள் கண்ணாடி முன்னால் போராடினாள். "நிக்கவே மாட்டேங்குது ஆயா" என்று என்னிடம் வந்தாள். நான் குச்சி போட்டுப் பழகியவள் இல்லை. ஆனால் என் மாமியார் எனக்குக் கோடாலி முடிச்சு கற்றுக்கொடுத்திருந்தார். நடவுக்குப் போகும் பெண்கள் ஊசி, வலை, ரப்பர் பேண்ட் எதுவும் இல்லாமல், முடியைக் கொண்டே முடியை முடிந்துகொள்ளும் கொண்டை அது. பகல் முழுக்கக் குனிந்து நாற்று நட்டாலும் அவிழாது. அது தெரிந்த கைக்குக் குச்சியின் சூட்சுமம் சீக்கிரம் பிடிபட்டது. இரண்டு பேருமாக உட்கார்ந்து கற்றுக்கொண்டோம்.

முதலில் சிக்கு எடுத்துச் சீவி, முடியை மொத்தமாகப் பிடரிக்கு மேலே ஒரு கையில் பிடிக்க வேண்டும். மறு கையால் ஒரே திசையில் முறுக்கிக்கொண்டு வந்தால் அது தானாகச் சுருளத் தொடங்கும். சுருளும் போக்கிலேயே அடிமுடியைச் சுற்றி வளைத்து, நுனியை உள்ளே ஒளிக்க வேண்டும். இதுவரைக்கும் எல்லாரும் செய்துவிடுவார்கள். குச்சி செருகும் இடத்தில்தான் பிள்ளைகள் தோற்கிறார்கள். குச்சியை நேராக நடுவில் குத்தினால் பத்தடி நடப்பதற்குள் சரியும். கொண்டையின் வெளி விளிம்பிலிருந்து கொஞ்சம் முடியை மட்டும் குச்சி முனையில் எடுக்க வேண்டும். முனை வெளிப்பக்கம் பார்த்தபடியே இறக்கி, தலையில் படிந்திருக்கும் முடியிலும் கொஞ்சம் கோத்துக்கொள்ள வேண்டும். பிறகு குச்சியை அப்படியே எதிர்ப்பக்கமாகப் புரட்டி, தலையை ஒட்டிக் கொண்டைக்கு அடியில் தள்ளி, மறு விளிம்பில் வெளியே எடுக்க வேண்டும். புரட்டும்போது முடி இறுகுவது விரலுக்குத் தெரியும். அந்த இறுக்கம்தான் பிடிமானம். கட்டி முடித்ததும் புருவத்தை உயர்த்திப் பார்க்கச் சொல்வேன். எங்கேயாவது சுரீரென்று இழுத்தால் அவிழ்த்து, கொஞ்சம் தளர்த்திப் போட வேண்டும்.

அந்தக் கடைசிச் சோதனை செவிலியராக நான் சேர்த்தது. இழுத்து இழுத்துக் கட்டும் தலையில், நெற்றி ஓரத்திலும் காதுக்கு மேலேயும் முடி மெலிந்து, வகிடு அகன்று, பிறகு அந்த இடமே வெறுமையாகும். தொடர்ந்த இழுவிசையால் வரும் முடி இழப்பு இது. ஆரம்பத்தில் நிறுத்தினால் முடி திரும்ப வரும். ஆண்டுக்கணக்கில் விட்டால் வராது. காதுக்குப் பின்னால் மடித்து ரிப்பன் போட்டு இறுக்கிய சடையோடு, தலைவலி என்று வந்த பிள்ளைகள் எத்தனையோ பேர். சடையை அவிழ்த்துவிட்டு அரை மணி நேரம் படுக்க வைத்தாலே சில பேருக்கு வலி இறங்கிவிடும்.

முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளர்கிறது. இடுப்பைத் தொடும் கூந்தலின் நுனிக்கு ஐந்தாறு வயது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை தோளில் தொங்கவிடும் நுனி, அவள் மூன்றாம் வகுப்பிலோ நான்காம் வகுப்பிலோ இருந்தபோது தலையை விட்டு வெளியே வந்தது. அத்தனை ஆண்டு எண்ணெயும் சீப்பும் வெயிலும் பார்த்த நுனியை ரப்பர் பேண்டில் சிக்க வைத்துப் பிய்த்து எடுக்கிறோம். சுருட்டி உள்ளே வைத்த நுனி உரசாது, பிளவுபடாது. எங்கள் பக்கம் காற்றடித்தால் புழுதிக்குப் பஞ்சமில்லை. ஒரு பக்கம் நெய்வேலிச் சுரங்கம், இன்னொரு பக்கம் விருத்தாசலம் சாலையில் ஓயாமல் போகும் லாரிகள். தொங்கும் சடை அந்தப் புழுதியையெல்லாம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிறது.

ஆனாலும் எனக்கு உடல் நலத்தைவிடப் பெரிதாகத் தெரிவது காலை நேரம். ரெட்டைச் சடையைத் தானே பின்னிக்கொள்வது சின்னப் பிள்ளைக்குக் கடினம். வகிடு நேராக எடுத்து, இரண்டு பக்கமும் சமமாகப் பின்னி, மடித்துக் கட்ட இன்னொருவர் கை வேண்டும். அந்தக் கை யாருடையது? கம்மாபுரம் ஒன்றியத்து ஊர்களில் நடவு, களையெடுப்பு, கரும்பு வெட்டு என்று பொழுது விடியும் முன்னே கிளம்பும் தாயுடையது. பங்குனி பிறந்தால் முந்திரிக்கொட்டை பொறுக்கப் போக வேண்டும். நூறு நாள் வேலைக்கும் காலையிலேயே போய் வருகைப் பதிவு போட்டாக வேண்டும். தாய் கிளம்பிய பிறகு எழுந்திருக்கும் பிள்ளை, சீப்பும் ரிப்பனுமாகப் பக்கத்து வீட்டு வாசலில் போய் நிற்கிறாள். "யாருக்கு இருக்கு நேரம், வெட்டிவிட்டுடு" என்று கடைசியில் தோளோடு வெட்டிவிடுகிறார்கள். பிள்ளையே விரும்பி வெட்டிக்கொண்டால் அது அவள் உரிமை. குட்டை முடியும் அழகுதான். பின்னிவிட ஆளில்லை என்பதற்காக, வளர்த்த முடியை அழுதுகொண்டே வெட்டுவதை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளைக்குக் கொண்டை போடத் தெரிந்திருந்தால், போட்டுக்கொண்டு போகப் பள்ளியும் விட்டிருந்தால், இரண்டு நிமிட வேலை.

கூந்தலை முடிவது எவ்வளவு பெரிய காரியம் என்பது தென்னார்க்காட்டு மண்ணுக்குத் தெரியாததா? எங்கள் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் படித்து, ராத்திரி ராத்திரியாகக் கூத்து நடந்து, கடைசியில் படுகளம் வரும். துரியோதனனை ஊர்த் திடலில் மண்ணால் பிரம்மாண்டமாகச் செய்து கிடத்துவார்கள். பீமன் அவன் தொடையைப் பிளந்த பிறகுதான், சபையில் அவிழ்ந்த கூந்தலைப் பாஞ்சாலி அள்ளி முடிவாள். அதுவரை விரித்த தலை. கூந்தல் முடிந்த பிறகு தீமிதி. அந்த நிமிடத்துக்காகத் திடலில் நிற்கும் பெண்கள் கண் கலங்குவதை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். தலையை முடிவது ஒருத்தி தன் மானத்தைத் தானே எடுத்துக்கொள்வது என்று எழுதப் படிக்கத் தெரியாத எங்கள் பாட்டிமார்களுக்கும் தெரிந்திருந்தது.

கொண்டை மேல்நாட்டு நாகரிகம் என்று ஓர் ஆசிரியை சொன்னதாகப் பேத்தி வந்து சொன்னாள். சிதம்பரம் இங்கிருந்து கூப்பிடு தூரம். கோபுர வாயிலில் நின்று நிமிர்ந்து பார்த்தால் நாட்டியக் கரணங்களைக் காட்டும் பெண்கள் கல்லில் வரிசையாக இருக்கிறார்கள். எப்படித் தலை வாரியிருக்கிறார்கள் என்று பாருங்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் பக்கக் கொண்டையை நாட்டிய மேடையில் இன்றைக்கும் ஆண்டாள் கொண்டை என்றே சொல்கிறார்கள். கீழடியில் மண்ணுக்கடியிலிருந்து யானைத் தந்தத்தில் செய்த சீப்பு வந்திருக்கிறது. தலை வாரிக்கொள்ளும் கலையில் நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. குச்சி நமக்கு மட்டும் உரியதும் இல்லை. பழைய சீனத்தில் பெண் பிள்ளைக்குப் பதினைந்து வயது ஆனால், முடியை உயர்த்திக் கட்டிக் கொண்டை ஊசி செருகுவதை ஒரு சடங்காகவே நடத்தினார்கள். இனி இவள் பெரியவள் என்று ஊருக்குச் சொல்லும் சடங்கு. இலங்கையில் கண்டி மணப்பெண்கள் கொண்டையில் ஊசி செருகுகிறார்கள். முடி நீளமாக வளர்ந்த ஊரெல்லாம் ஒரு குச்சியைக் கண்டுபிடித்திருக்கிறது.

குச்சி குத்திவிடாதா என்று கேட்கும் ஆசிரியர்களின் கவலை நியாயமானது. எஃகுக் குச்சி வேண்டாம், கூர்முனை வேண்டவே வேண்டாம். ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவான மூங்கில் குச்சியோ வேப்பங்குச்சியோ போதும். முனையை விரல் நுனி போல மழுக்கி, உப்புத்தாள் போட்டு வழவழப்பாகத் தேய்த்து, தேங்காய் எண்ணெயில் ஊற வைத்தால் காசு செலவில்லாமல் தயார். கபடி ஆடும்போது கழற்றிவிட வேண்டும். வண்டியில் போகும்போதும் அப்படியே. தலைக்கவசத்துக்குள் கொண்டையும் குச்சியும் அடங்காது, அடக்கவும் கூடாது. அப்போது தாழ்வாக ஒரு ஒற்றைச் சடை, அதையும் சட்டைக்குள் விட்டுக்கொள்ள வேண்டும். நெல்லடிக்கும் இயந்திரத்தின் பெல்ட்டில் சடை சிக்கித் தலைத்தோலோடு உரிந்து வந்த பெண்ணுக்கு முதலுதவி செய்தவள் நான். தொங்கும் சடை பாதுகாப்பு, கொண்டை ஆபத்து என்று என்னிடம் யாரும் சொல்ல வேண்டாம். குச்சியே கூடாது என்று ஒரு பள்ளி முடிவெடுத்தால், கோடாலி முடிச்சு இருக்கிறது. அதற்குக் குச்சியும் தேவையில்லை. நீட் தேர்வு மைய வாசலில் ஊசியையும் கிளிப்பையும் கழற்றிக் கொடுத்துவிட்டு, முடி முகத்தில் விழ உள்ளே போன பிள்ளைகளை நாம் பார்த்தோமே, அந்த முடிச்சு தெரிந்திருந்தால் ஒரு நொடியில் அள்ளி முடிந்துகொண்டு போயிருப்பார்கள்.

பேத்தி இப்போது பள்ளிக்கு ரெட்டைச் சடையோடுதான் போகிறாள். சாயங்காலம் வந்ததும் ரிப்பனை உருவி எறிந்துவிட்டு, கண்ணாடி பார்க்காமலே கொண்டை போட்டுக் குச்சியைச் செருகிக்கொண்டு படிக்க உட்காருகிறாள். தெருவில் நாலைந்து பிள்ளைகளுக்கு அவளே கற்றுக்கொடுத்துவிட்டாள்.

ஒவ்வோர் அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அதில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. அந்தக் குழுவில் உட்காரும் தாய்மார்களைக் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த கூட்டத்தில் கழிப்பறை, குடிநீர் எல்லாம் பேசி முடித்த பிறகு, தீர்மானப் புத்தகத்தில் இதையும் எழுதச் சொல்லுங்கள்: ரெட்டைச் சடையோ ஒற்றைச் சடையோ கொண்டையோ, முகத்தில் விழாமல் முடி கட்டியிருந்தால் போதும்.