உடைக்கிறதுக்கு முன்னாடி தட்டிப் பாருங்க!

பாத்ரூம் பழசாயிடுச்சு என்றால் நம் மக்கள் முதலில் கூப்பிடுவது கொத்தனாரை. அவர் முதலில் எடுப்பது சுத்தியலை. "சார், எல்லாத்தையும் உடைச்சிட்டுப் புதுசா போட்டுடலாம்" என்பார். ஹிந்தி, கன்னடம், தெலுங்கு என்று ஊருக்கு ஊர் மொழி மாறும். டயலாக் மட்டும் மாறாது :-)

என் கட்சி இதற்கு நேர் எதிர். உள்ளே ஈரம் இல்லாத பாத்ரூமை அழகுக்காக உடைப்பது வீண் வேலை. உள்ளே ஈரம் இருக்கும் பாத்ரூமை அழகாக மூடி மறைப்பது அதைவிட மோசமான வேலை. எது எது என்று பார்த்துவிட்டுச் செலவு செய்யுங்கள் என்பதுதான் இந்தப் பதிவு.

(டிஸ்கி: நான் கட்டட இஞ்சினியர் இல்லை. பி.காம். படித்துவிட்டு வங்கியில் வீட்டுக்கடன் ஃபைல் பார்ப்பவன். அதனால் கொஞ்சம் கணக்கு வாடை அடிக்கும். பொறுத்துக்கொள்ளவும்.)

மும்பையோ டெல்லியோ அகமதாபாத்தோ, வெளியூரில் இருக்கும் நம்மவர்களில் நிறைய பேர் வாங்குவது ரீசேல் ஃபிளாட்தான். 80களிலும் 90களிலும் கட்டியவை. ஆறுக்கு ஆறு அங்குல வெள்ளை டைல்ஸ், அல்லது மங்கிப்போன ரோஸ் கலர். இடுக்கெல்லாம் கறுப்பு. சில வீடுகளில் முதல் ஓனர் ஆசைப்பட்டுப் போட்ட பாத்டப் வேறு. நம் வீடுகளில் அதில் யாரும் படுத்துக் குளித்ததாகச் சரித்திரம் இல்லை. குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் தண்ணீர் வரும் மும்பை மாதிரி ஊரில் அது ஒரு பெரிய அண்டா, அவ்வளவுதான்.

இந்தக் கட்டடங்களில் பாத்ரூம் தரைக்குக் கீழே என்ன இருக்கிறது தெரியுமா? பல இடங்களில் ஸ்லாபையே பள்ளமாக இறக்கி, அதில் பைப்புகளை ஓட்டி, செங்கல் ஜல்லி போட்டு நிரப்பி, வாட்டர் புரூஃபிங் செய்து, மேலே டைல்ஸ் ஒட்டியிருப்பார்கள். சுத்தியலும் உளியும் போகும்போது டைல்ஸ் மட்டும் பெயராது. வாட்டர் புரூஃபிங்கும் கிழியலாம். பழைய பைப் ஜாயிண்ட்டும் ஆடிப்போகலாம். அதன் பலன் உங்கள் கண்ணில் படாது, கீழ்வீட்டுக்காரர் சீலிங்கில்தான் தெரியும். அப்புறம் சொசைட்டி மீட்டிங்கில் நீங்கள்தான் ஹீரோ.

சரி, மேட்டருக்கு வருவோம். கொத்தனாரைக் கூப்பிடும் முன் மூன்று சோதனைகள். செலவு ஒன்றும் கிடையாது.

ஒன்று: ஒரு ரூபாய் நாணயத்தால் ஒவ்வொரு டைலையும் தட்டுங்கள். கெட்டிச் சத்தம் வந்தால் ஒட்டியிருக்கிறது. டொக் டொக் என்று வெற்றுச் சத்தம் வந்தால் பின்னால் பிடிப்பு இல்லை. பத்தில் ஒன்று இப்படி இருந்தால் அதை மட்டும் மாற்றலாம். பாதி இப்படி இருந்தால் மேலே எதைப் பூசினாலும் நிற்காது.

இரண்டு: தண்ணீர் போகும் ஓட்டையை (மும்பையில் நஹானி டிராப் என்பார்கள்) இறுக்கி அடைத்து, தரையில் ஓர் அங்குலம் தண்ணீர் கட்டி 24 மணி நேரம் விடுங்கள். முடிந்தால் 48. கீழ்வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, அவர் வீட்டு சீலிங்கைப் போய்ப் பாருங்கள்.

மூன்று: சுவருக்குள் ஓடுவது பழைய இரும்பு (ஜி.ஐ.) பைப்பா? காலையில் முதலில் வரும் தண்ணீர் செம்மண் நிறத்தில் இருக்கிறதா? பிரஷர் வருடா வருடம் குறைகிறதா? அப்படியென்றால் அதன் ஆயுள் முடிந்துகொண்டிருக்கிறது.

இரண்டாவதும் மூன்றாவதும் ஃபெயில் என்றால் மறு பேச்சில்லாமல் உடையுங்கள். ஒழுகும் தரைமேல் புது டைல்ஸ் ஒட்டுவது வாராக்கடனுக்குப் புதுக்கடன் கொடுத்து மறைப்பது மாதிரி. கொஞ்ச நாள் ஃபைல் அழகாக இருக்கும். பிறகு இன்னும் பெரிதாக வெடிக்கும்.

மூன்றிலும் பாஸ் என்றால் சுத்தியலைத் திருப்பி அனுப்பலாம். பாதி அசிங்கம் டைல்ஸில் இல்லை, இடுக்கில்தான் இருக்கிறது. பழைய சிமெண்ட்டைச் சுரண்டி எடுத்துவிட்டு எபாக்சி கிரௌட் போட்டால் பாத்ரூம் பத்து வயது குறைந்துவிடும். இது சிமெண்ட் மாதிரி தண்ணீரை உறிஞ்சாது. ஆனால் சீக்கிரம் இறுகிவிடும், டைல்ஸ் மேல் பட்டதை உடனே துடைக்க வேண்டும். பழகிய ஆளிடமே கொடுங்கள். சுவரும் தரையும் சேரும் மூலையில் மட்டும் சிலிகான் சீலண்ட். அந்த இடம் கொஞ்சம் அசையும், கெட்டியானது எதைப் போட்டாலும் விரிசல் விடும்.

அந்த இடுக்கு ஏன் கெட்டது? நம் வீடுகளில் வாராவாரம் ஊற்றும் ஆசிட்தான் காரணம். அது கறையோடு சேர்த்து சிமெண்ட்டையும் தின்றுவிடும். குழாயின் பளபளப்பும் போய்விடும். அதோடு பிளீச்சிங் பவுடரையும் கலந்தால் குளோரின் வாயு, உயிருக்கே ஆபத்து. ஆசிட்டை நிறுத்துவதுதான் முதல் ரிப்பேர் என்பேன்.

கலரே பிடிக்கவில்லையா? சுவர் டைல்ஸுக்கு எபாக்சி பெயிண்ட் அடிக்கலாம். எண்ணெய்ப் பிசுக்கு போகக் கழுவி, உப்புத்தாள் தேய்த்து, பிரைமர் அடித்த பிறகே. தரைக்கு வேண்டாம், உரிந்துவிடும். தரைக்கு ஏற்றது, டைல் மேல் டைல் ஒட்டுவது. வெறும் சிமெண்ட் பிடிக்காது, அதற்கென்றே உள்ள பசை வேண்டும். தரை ஒரு சென்டிமீட்டருக்கு மேல் உயரும். கதவு தட்டுமா, தண்ணீர் வெளி ரூமுக்கு வருமா, வாட்டம் சரியாக இருக்குமா என்று முதலிலேயே பாருங்கள். வழவழ டைல்ஸ் வேண்டவே வேண்டாம். ஊரிலிருந்து அம்மா அப்பா வந்து தங்கும் வீடு என்பதை மறக்காதீர்கள். கைப்பிடியும் துளை போட்டு முடுக்கியதாக இருக்கட்டும். ரப்பர் கப்பில் ஒட்டிக்கொண்டு நிற்பது பெரியவர்கள் எடையைத் தாங்கும் என்று நம்ப முடியாது.

இப்போது பாத்டப். ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்பின் மேல் எனாமல். அதற்கு மேல்பூச்சு கொடுத்துப் புதிதாக்கலாம். ஒட்டாவிட்டால் பெரும்பாலும் ஃபைபர் அல்லது அக்ரிலிக். ஏறி நின்றால் அடிப்பாகம் அமுங்குகிறது என்றால் பூச்சு வெடித்துவிடும், காசைக் கரியாக்க வேண்டாம். பூச்சு நிரந்தரமும் அல்ல. உள்ளே ஸ்டீல் வாளியை இழுத்து, கம்பி நார் போட்டுத் தேய்த்தால் சீக்கிரமே போய்விடும்.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். பழைய பூச்சை உரிக்க டைகுளோரோமீத்தேன் கலந்த திரவத்தைப் பயன்படுத்துவது உண்டு. அதன் ஆவி காற்றைவிடக் கனம், டப்புக்குள்ளேயே தேங்கும். குனிந்து வேலை செய்பவர் மயங்கி விழுவார். அமெரிக்காவில் 2000 முதல் 2011 வரை டப் புதுப்பிக்கும் தொழிலாளர்கள் 13 பேர் இப்படி இறந்ததை அந்நாட்டு நோய்க்கட்டுப்பாட்டு மையம் 2012ல் வெளியிட்டது. 2024ல் அங்கே அந்த ரசாயனத்தின் பெரும்பாலான பயன்பாடுகளைத் தடை செய்தார்கள். நம் ஃபிளாட் பாத்ரூமில் இருப்பது ஒரு சின்ன ஜன்னல். வேலைக்கு வரும் பையன் முகத்தில் ஒரு கைக்குட்டை. நம் டப் பளபளக்க இன்னொரு வீட்டுப் பிள்ளை மூச்சு முட்டக் கூடாது. டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். காற்றோட்டமும் சரியான முகமூடியும் இல்லை என்றால், டப் மஞ்சளாகவே இருக்கட்டும்.

கடைசியாகக் கணக்கு. உடைத்துக் கட்ட 3 லட்சம் பெர்சனல் லோன் எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 12 சதவீத வட்டி, 5 வருடம். மாதம் சுமார் 6,673 ரூபாய். மொத்தம் கட்டுவது 4 லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். ஒரு லட்சம் வட்டிக்கே போகிறது. வரிச்சலுகை? பழைய வரித் திட்டத்தில், குடியிருக்கும் வீட்டின் ரிப்பேர் கடன் வட்டிக்கு வருடத்துக்கு 30,000 ரூபாய் வரைதான் கழிவு. புதிய திட்டத்தில் அதுவும் இல்லை. உடைத்ததால் வீட்டு விலை ஏறும் என்றும் கனவு காண வேண்டாம். கடனுக்கு மதிப்பீடு செய்பவர் பார்ப்பது இடம், பரப்பளவு, கட்டடத்தின் வயது. டைல்ஸ் கலர் அல்ல.

குப்பைக் கணக்கும் இருக்கிறது. 6க்கு 5 அடி பாத்ரூமில் 7 அடி உயரம் டைல்ஸ் என்றால், பின்னால் உள்ள ஓர் அங்குலக் கலவையோடு சேர்த்து சுமார் ஒரு டன் இடிபாடு. கட்டட இடிபாட்டுக் கழிவுக்கென்று 2016லேயே மத்திய அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. இருந்தும் ராத்திரியோடு ராத்திரியாக யாரோ ஒருவர் காலி மனையில் மூட்டை மூட்டையாகக் கொட்டுவதை எல்லா ஊரிலும் பார்க்கிறோம்.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரே வரி: இடுக்கைச் சுத்தம் செய்வதோடு நிறுத்துங்கள், அதற்கு மேல் எதுவானாலும் ஓனரிடம் எழுத்தில் வாங்குங்கள்.

பழசாகத் தெரிவது வேறு, கெட்டுப்போவது வேறு. முதலாவதற்குத் துணியும் கிரௌட்டும் போதும். இரண்டாவதற்குத்தான் சுத்தியல். நாணயம் உங்கள் பையிலேயே இருக்கிறது, இந்த ஞாயிற்றுக்கிழமை தட்டிப் பாருங்களேன்!