வழியும் வழிபாடும்

நாள்தோறும் நம் நாவில் புழங்கும் சொற்களுள் 'வழி' என்பதும் ஒன்று. எந்த வழியாகப் போகிறீர்கள் என்று வினவுகிறோம். வந்த விருந்தினரை வாசல்வரை சென்று வழியனுப்புகிறோம். இத்தனை எளிய சொல், நம் சமயத்தின் தலையாய சொல் ஒன்றினுள்ளே அமர்ந்திருப்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. 'வழிபாடு' என்பதே அச்சொல். தைப்பூசத் திருநாளில் இதனைச் சிந்திப்பது பொருத்தமாகும்.

வழி என்பதற்குப் பாதை என்பது யாவரும் அறிந்த பொருள். காரியத்தை முடித்துத் தரும் உபாயத்தையும் அச்சொல் குறிக்கும். 'பிழைக்க ஒரு வழி வேண்டும்' என்கிறோம் அல்லவா? மலாய் மொழியின் 'ஜாலான்' என்னும் சொல்லும் இவ்வாறே சாலையையும் சிக்கலைத் தீர்க்கும் முறையையும் குறிக்கிறது. முன் சென்றவர் தடத்திலேயே பின் வருபவர் நடப்பதால், 'பின்' என்ற பொருளும் வழிக்கு உண்டு. ஆலய ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஒருவர் முன்மொழிய, மற்றவர் வழிமொழிகிறார். நம் பிள்ளைகள் நமக்கு வழித்தோன்றல்கள் ஆகிறார்கள். இவையன்றி 'இடம்' என்ற பொருளும் உண்டு. பவணந்தி முனிவர் தமது நன்னூலில், இடப்பொருளை உணர்த்தும் ஏழாம் வேற்றுமை உருபுகளுள் 'வழி'யையும் சேர்த்துள்ளார்.

இப்பொருள்கள் அனைத்தும் 'வழிபாடு' என்ற சொல்லில் வந்து கூடுகின்றன. வழிபடுதலாவது ஒரு நெறிக்கு உட்பட்டு, முன்னோர் தடம் பற்றி நடத்தல். தொல்காப்பியர் காலத்திலேயே இச்சொல் தெய்வத்தோடு சேர்த்து வழங்கப்பட்டது. மலையாள மொழியிலோ, கோயிலில் செலுத்தும் காணிக்கையும் நேர்ந்து செய்விக்கும் பூசையும் வழிபாடு எனப்படுகின்றன.

வழியைக் குறிக்கும் மற்றொரு பழந்தமிழ்ச் சொல் 'ஆறு'. பத்துப்பாட்டில் உள்ள ஆற்றுப்படை நூல்கள் ஐந்தனுள் நான்கு, பரிசில் நாடும் கலைஞரை வள்ளல்களிடம் வழிப்படுத்துகின்றன. நக்கீரர் பாடிய திருமுருகாற்றுப்படை மட்டும் அருள் நாடும் அன்பரை முருகப் பெருமானிடம் ஆற்றுப்படுத்துகிறது. வேலூருக்கு அருகிலுள்ள விரிஞ்சிபுரத்தில் சிவபெருமானுக்கு வழித்துணை நாதர் என்றே திருநாமம். அடியவர் வந்து சேரும்வரை சன்னிதியில் காத்திருப்பவனாக மட்டும் இறைவனை நம் முன்னோர் கருதவில்லை. வழியிலும் உடன் வருபவனாகவே கண்டனர்.

இக்கருத்தை மனத்திற் கொண்டு நம் தைப்பூசத்தை நோக்குவோம். கோலாலம்பூர் ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயத்திலிருந்து பத்துமலைக்குச் சுமார் 15 கிலோமீட்டர் தொலைவு வெள்ளி இரதம் செல்கிறது. அதன் பின்னே ஆயிரக்கணக்கானோர் இரவெல்லாம் நடக்கின்றனர். பின்னர் 272 படிகள். இத்துணைத் தொலைவையும் சன்னிதியை அடைவதற்கு முன் கடந்து தீரவேண்டிய தொல்லையாக எண்ணுவோமாயின், 'வழிபாடு' என்ற சொல்லை மறந்தவர்கள் ஆவோம்.

மறந்துவிட்டோம் என்பதற்கு அடையாளங்கள் இல்லாமல் இல்லை. தண்ணீர்ப் பந்தலில் மோர் அருந்திய கை, அடுத்த அடியிலேயே குவளையைச் சாலையில் எறிகிறது. மூச்சிரைக்கப் படியேறும் மூதாட்டியை இளைஞர் கூட்டம் இடித்துக்கொண்டு முந்துகிறது. காவடி சுமப்பவருக்கு முன்னே வேடிக்கை பார்ப்போர் நின்று தடை செய்கின்றனர். மேலே குகையில் கை கூப்பி உருகுபவர்களும் இவர்களே. வழியைக் கெடுத்தபின் வழிபாடு எவ்வாறு நிறைவுறும்?

ஆலய நிர்வாகத்தினருக்கும் உபயகாரர்களுக்கும் பணிவான வேண்டுகோள் ஒன்று. அலங்காரத்திற்கும் ஒலிபெருக்கிக்கும் ஒதுக்கும் தொகையில் ஒரு பங்கையேனும் வழிக்கென ஒதுக்குங்கள். மயங்கி விழுந்தவரைத் தூக்கிச் செல்ல ஒரு தடம் எப்போதும் திறந்திருக்கட்டும். முதியோருக்கும் சக்கர நாற்காலியில் வருவோருக்கும் ஓய்ந்திருக்க நிழல் அமையட்டும். பந்தல் அமைப்போர், கொடுப்பதற்கு நிற்கும் தொண்டர்களைப் போலவே பெருக்குவதற்கும் தொண்டர்களை நிறுத்தட்டும். இவற்றை உபயமாக ஏற்பவரின் பெயரையும் பூசை உபயகாரர் பெயரோடு சேர்த்து அழைப்பிதழில் அச்சிடலாம். அது முற்றிலும் தகும்.

பெற்றோரும் தம் பிள்ளைகளுக்கு இச்சொல்லின் பொருளை நடக்கும்போதே எடுத்துரைக்க வேண்டும். நம் தடத்தைப் பார்த்தே அவர்கள் நடக்கப் போகிறார்கள். குப்பையைக் கண்டு நடந்தால் குப்பையையே கற்பர். பிறருக்கு வழிவிடக் கண்டால் அதனையே மரபாகக் கொள்வர். பிறருக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்கும் அந்த நொடியும் வேலவனை வழிபட்ட நொடியே ஆகும்.