போன் வாங்குவது பாதி வேலைதான்

நவம்பர் பிறந்தால் மத்திய அரசுப் பென்ஷன்தாரர்களுக்கு ஒரு கவலையும் கூடவே பிறக்கிறது. தாம் உயிரோடிருப்பதாக அவர்கள் அரசாங்கத்துக்குச் சான்று கொடுத்தாக வேண்டும். ஒரு காலத்தில் இதற்காக வங்கி வாசலில் வரிசையில் நின்றார்கள். 2014 நவம்பரில் ஜீவன் பிரமாண் என்ற முறை வந்தது. அதற்கு விரல் ரேகை வைக்கும் கருவி இருக்கும் இடத்தைத் தேடிப் போக வேண்டியிருந்தது. முப்பது, நாற்பது வருஷம் இரும்போடும் எண்ணெயோடும் புழங்கித் தேய்ந்த விரல்களைக் கருவி ஏற்க மறுத்ததும் உண்டு. 2021 நவம்பரில் முகத்தைக் காட்டியே சான்று கொடுக்கும் வசதி வந்தது. ஆண்ட்ராய்டு போன் ஒன்று இருந்தால் வீட்டுத் திண்ணையிலேயே காரியம் முடிந்துவிடும்.

புனேயைப் பூனா என்றே இன்னும் சொல்லும் பெரியவர்கள் நம்மவர்களில் நிறையப் பேர். கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலை, தேஹு ரோடு ராணுவத் தளவாடக் கிடங்கு, ரயில்வே என்று உழைத்து ஓய்வு பெற்றவர்கள். பிள்ளைகள் ஹிஞ்சவடியில் கம்ப்யூட்டர் கம்பெனிகளில் இருக்கிறார்கள். தீபாவளிக்கு அப்பாவுக்கு நல்ல போனாக ஒன்று வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று அந்தப் பிள்ளைகளுக்கு ஆசை. ஆசையில் தவறில்லை. ஆனால் வாங்கும் விதமும், வாங்கியபின் அதை அமைத்துக் கொடுக்கும் விதமும் சரியாக இல்லாவிட்டால், அந்தப் போன் அப்பாவின் கையில் இருக்குமே தவிர அப்பாவுடையதாக இராது.

முதலில் வாங்கும் விஷயம். லட்சுமி ரோட்டுக் கடையானாலும், கேம்ப் பகுதிக் கடையானாலும், தப்கீர் கல்லியின் நெரிசலானாலும், விற்பவர் முதலில் பேசுவது கேமராவைப் பற்றித்தான். 50 மெகாபிக்சல், 108 மெகாபிக்சல் என்று எண்ணை அடுக்குவார். முகச் சான்றுக்கு 5 மெகாபிக்சல் கேமரா போதும். பேரப்பிள்ளையைப் படம் எடுக்கவும் 50-க்கு மேல் என்ன வேண்டியிருக்கிறது? பெரியவருக்கு வாங்குகிறவர்கள் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. ராம் எவ்வளவு, சேமிப்பு எவ்வளவு, பாதுகாப்பு அப்டேட் எத்தனை வருஷத்துக்கு வரும் என்பவையே அவை.

அப்டேட் என்பதை நம்மவர்களில் பலர் தொல்லையாகவே பார்க்கிறார்கள். அது நின்றுபோன போனில் வங்கிக் கணக்கை வைத்துக்கொள்வது, பூட்டுப் பழுதான பீரோவில் நகையை வைப்பது போலத்தான். கூகுள் 2023-லும் சாம்சங் 2024-லும் தங்கள் விலையுயர்ந்த போன்களுக்கு ஏழு வருஷ அப்டேட் தருவதாக அறிவித்தன. நடுத்தர விலைப் போன்களிலும் நாலு, ஐந்து, ஆறு வருஷம் தருபவை வந்துவிட்டன. மலிவானவற்றில் இரண்டு வருஷத்தோடு நின்றுவிடுபவையும் இருக்கின்றன. பெரியவர்கள் போனை வருஷா வருஷம் மாற்றுகிறவர்கள் அல்லர். உடைந்தால்தான் மாற்றுவார்கள். ஆகவே ஆயிரம் ரூபாய் கூடப் போட வேண்டுமானால் அதை இதில் போடலாம்.

அடுத்தது சேமிப்பு. 64 ஜி.பி. என்று அட்டைப் பெட்டியில் அச்சடித்திருப்பதைப் பார்த்து, அத்தனையும் நமக்கு என்று நினைத்துவிடக் கூடாது. கம்பெனி ஆயிரத்தின் பெருக்கத்தில் எண்ணுகிறது, பல கருவிகள் 1024-இன் பெருக்கத்தில் எண்ணுகின்றன. 128 ஜி.பி. என்பது அந்தக் கணக்கில் 119 ஆகிவிடும். அதிலும் போனின் சொந்த மென்பொருள் ஒரு பெரிய பங்கை எடுத்துக்கொள்ளும். மிச்சத்தை நிரப்புவது யார் என்று பார்த்தால், வாட்ஸ்அப்! சொந்த ஊர்க் குழு, குலதெய்வக் கோயில் குழு, ஓய்வு பெற்றோர் குழு, கல்யாண மண்டபக் குழு என்று ஒவ்வொன்றிலும் காலை வணக்கப் படம், மாலை வணக்கப் படம், இடையிலே வைத்தியக் குறிப்பு வீடியோ. ஒரே வீடியோ நாலு குழுக்களில் நாலு தடவை வரும். எட்டு மாதத்தில் போன் திணற ஆரம்பிக்கும். நவம்பரில் முகச் சான்றுக்கான செயலியை ஏற்றப் போனால் இடமில்லை என்று சொல்லும். அப்போது அப்பா மகனைக் கூப்பிட, மகன் கூட்டத்தில் இருப்பதாகச் சொல்ல, வீட்டில் ஒரு மனஸ்தாபம்.

இதற்கு மருந்து சுலபம். 128 ஜி.பி.க்குக் குறைந்து வாங்க வேண்டாம். வாட்ஸ்அப் அமைப்புகளில் படமும் வீடியோவும் தாமாக இறங்குவதை முதல் நாளே நிறுத்திவிட வேண்டும். வேண்டியதைத் தொட்டு இறக்கிக்கொள்ளப் பெரியவர்களுக்கு இரண்டு நாளில் பழகிவிடும்.

மெமரி கார்டு போட்டுக்கொள்ளலாமே என்பார்கள். போடலாம். ஆனால் வெளியூரில் குடியேறிய நம் போன்றவர்களுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. பல போன்களில் இரண்டாவது சிம்முக்கும் கார்டுக்கும் ஒரே இடம்தான். ஊர் நம்பர் ஒன்று, புனே நம்பர் ஒன்று என்று இரண்டு வைத்திருப்பவர் ஏதாவது ஒன்றை விட வேண்டும். அப்படி விடும்போது ஊர் நம்பர்தான் மேஜை டிராயருக்குப் போகிறது. ஆதாரும், ஊர் வங்கிக் கணக்கும் அந்த நம்பரில்தான் இருக்கும். ரீசார்ஜ் இல்லாமல், உபயோகம் இல்லாமல் கிடந்தால் எண் ரத்தாகி, பிறகு யாரோ முன்பின் தெரியாதவர் கைக்குப் போய்ச் சேரும். வங்கி அனுப்பும் ஓ.டி.பி.யும் அவருக்கே போகும். 2015 ஜூலை முதல் எண்ணை மாற்றாமலே தமிழ்நாட்டு இணைப்பை மகாராஷ்டிரத்துக்கு மாற்றிக்கொள்ளும் வசதி இருக்கிறது. பத்து வருஷத்துக்கு மேலாகியும் இதை அறியாமல் இரண்டு சிம்முக்கும் பணம் கட்டி வருபவர்கள் இருக்கிறார்கள்.

சில நூறு ரூபாய்க்கு 1 டி.பி. மெமரி கார்டு என்று நடைபாதையில் விற்பதை வாங்குவது பணத்தை ஆற்றில் போடுவதற்குச் சமம். உள்ளே இருப்பது 16 அல்லது 32 ஜி.பி.தான். போனிடம் மட்டும் 1 டி.பி. என்று பொய் சொல்லும்படி அதைச் செய்திருப்பார்கள். உண்மையான அளவு நிரம்பியதும், புதிதாகப் போடும் படம் பழையதை அழிக்கும், அல்லது பதிவானது போலக் காட்டிவிட்டுப் பதிவாகாது. பேத்தியின் காதுகுத்துப் படங்கள் போனபிறகுதான் தெரியவரும். நல்ல கார்டில் ஏ1, யு3 என்று வேகக் குறிகள் இருக்கும். பில்லோடு வாங்கி, முதல் வாரத்திலேயே அதை நிரப்பிப் பார்த்துச் சோதித்துவிடுவது நல்லது.

சார்ஜர் இப்போது பல போன்களின் பெட்டிக்குள் வருவதில்லை. தனியாக வாங்கும்போது விலையை மட்டும் பார்க்கக் கூடாது. பவர் அடாப்டர்களுக்கு இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பதிவு கட்டாயம்.  ஆர் என்ற எழுத்தோடு தொடங்கும் பதிவு எண் அதன்மேல் அச்சிட்டிருக்க வேண்டும். பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியில் அந்த எண்ணைப் போட்டால் அது யாருடையது என்று தெரிந்துவிடும். தலையணைப் பக்கத்தில் வைத்து இரவெல்லாம் சார்ஜ் போடுகிற வழக்கமுள்ள வீடுகளில் இந்த எண்ணைப் பார்க்காமல் வாங்குவது விபரீதம்.

ஊருக்குப் போகிறவர்களுக்குப் பவர் பேங்க் அவசியம். புனேயிலிருந்து சென்னைக்கு ரயிலில் ஏறக்குறைய 20 மணி நேரம். நாகர்கோவில் போகிறவர்களுக்கு இன்னும் அதிகம். இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை வண்டியில் சார்ஜ் போடும் பிளக்குகளில் மின்சாரத்தை நிறுத்தி வைக்கிறார்கள், தீ விபத்துக்குப் பயந்து. டிக்கெட்டும் போனில், அடையாள அட்டையும் போனில் என்று கிளம்பியவரின் போன் சோலாப்பூர் தாண்டி அணைந்தால் என்ன செய்வார்? 10,000 எம்.ஏ.எச். என்று எழுதிய பவர் பேங்க் போனுக்குத் தருவது சுமார் 6,000 தான். உள்ளே இருக்கும் 3.7 வோல்ட்டை 5 வோல்ட்டாக ஏற்றும்போது கணக்குக் குறைகிறது, கொஞ்சம் சூடாகவும் போகிறது. இது மோசடி அல்ல. கணக்குத் தெரிந்து வாங்கினால் போதும்.

டேப்லட்டைப் பற்றி ஒரு வார்த்தை. கண் மங்கியவர்களுக்குப் பத்திரிகை படிக்கவும் சீரியல் பார்க்கவும் அது வெகு சௌகரியம். ஆனால் வை-ஃபை மட்டும் உள்ள டேப்லட்டுக்கு எஸ்.எம்.எஸ். வராது. போனுக்குப் பதிலாக அதைக் கொடுத்துவிட்டால் வங்கிக் காரியம் எதுவும் ஓடாது.

இனி, இதையெல்லாம்விட முக்கியமான விஷயம். போனைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் அது முதலில் கேட்பது ஒரு கூகுள் கணக்கை. கடையில் கூட்டம். பையன் "காகா, ஒரு நிமிஷம்" என்று வாங்கி, தானே ஏதோ ஒரு பெயரில் கணக்கைத் திறந்து, ஏதோ ஒரு பாஸ்வேர்டைப் போட்டு, ஐந்தே நிமிஷத்தில் கையில் கொடுத்துவிடுவான். அந்தப் பாஸ்வேர்டு பெரியவருக்கும் தெரியாது, ஒரு மணி நேரத்தில் பையனுக்கும் மறந்துவிடும். அல்லது மகன் தன் கணக்கையே அப்பா போனிலும் போடுவான். அப்போது மகனின் நண்பர்கள், அலுவலக நம்பர்கள் எல்லாம் அப்பா போனில் வந்து நிற்கும், அப்பா அழித்தால் மகன் போனிலும் அழியும். திருட்டுக்கு எதிரான பாதுகாப்பாக ஆண்ட்ராய்டில் ஓர் ஏற்பாடு உண்டு. பூட்டைத் திறக்க முடியாமல் போனை முழுக்க அழித்துத் துவக்கினால், பழைய கணக்கின் பாஸ்வேர்டையோ பழைய பூட்டு எண்ணையோ கேட்கும். இரண்டும் தெரியாவிட்டால் இருபதாயிரம் ரூபாய்ப் போன் வெறும் கண்ணாடிப் பலகைதான்.

ஆகவே பெரியவரின் பெயரிலேயே, அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவர் சொல்லும் பாஸ்வேர்டில் கணக்கைத் திறக்க வேண்டும். அதை ஒரு நோட்டில் அவர் கையாலேயே எழுதவைக்க வேண்டும். பாஸ்வேர்டை எழுதிவைக்கலாமா என்று கம்ப்யூட்டர் படித்த பிள்ளைகள் கேட்பார்கள். எழுபது வயதுக்காரருக்கு மறதிதான் பெரிய ஆபத்து. ரேஷன் கார்டு இருக்கும் பெட்டியில் அந்த நோட்டும் இருக்கட்டும். ஏ.டி.எம். எண்ணும் யு.பி.ஐ. எண்ணும் மட்டும் அதில் ஏறக் கூடாது. போனில் *#06# என்று அழுத்தினால் வரும் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண்ணையும் அதே பக்கத்தில் எழுதி, பில்லை அதோடு குத்திவைக்க வேண்டும். போன் திருட்டுப் போனால் போலீஸ் புகார் நகலோடு இந்த எண்ணைக் கொடுத்து அதை முடக்கிவிடலாம். இந்த முறையை 2019-இல் முதன்முதலாகச் சோதித்துப் பார்த்ததே மகாராஷ்டிரத்தில்தான். 2023 மே மாதம் சஞ்சார் சாத்தி என்ற பெயரில் நாடு முழுவதற்கும் வந்தது.

கணக்கோடு கிடைக்கும் இலவசச் சேமிப்பு 15 ஜி.பி. மட்டுமே. படங்களுக்கு அளவில்லாத இலவசம் 2021 ஜூன் முதல் தேதியோடு முடிந்தது. வாட்ஸ்அப் காப்பும் இப்போது இந்த 15-க்குள்தான். பழைய நினைப்பில் இருப்பவர்கள் ஒரு தடவை திறந்து பார்ப்பது நல்லது.

போனைத் தமிழில் வைப்பதா, ஆங்கிலத்திலா? இந்தியாவில் விற்கும் போன்கள் 22 மொழிகளையும் காட்ட வேண்டும் என்று ஐ.எஸ். 16333 தரவிதி சொல்கிறது. இந்திய மொழிகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவதற்குப் பாடுபட்ட சி-டாக் நிறுவனம் 1988 முதல் நம் புனேயிலேயே இருக்கிறது. அப்படியிருந்தும் அப்பாவின் போன் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. காரணம் மகனின் சௌகரியம். நியாயமாகப் பார்த்தால் மகன் பக்கமும் ஒன்று சொல்லலாம். போன்களில் உள்ள சில தமிழ்ச் சொற்களைப் படித்தால் தமிழாசிரியருக்கே தலை சுற்றும். தொலைபேசியில் வழி சொல்லும்போது இருவரும் வெவ்வேறு சொல்லைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மெனு எந்த மொழியில் என்பதைப் பெரியவரே தீர்மானிக்கட்டும். ஆனால் தமிழ் விசைப்பலகையும், பேசினால் தமிழில் எழுதும் வசதியும், பெரிய எழுத்தும் இல்லாமல் போனைக் கொடுப்பது அநியாயம். பேரனுக்குச் சொல்ல விஷயமிருந்தும் கட்டைவிரல் படம் மட்டும் அனுப்பிக்கொண்டிருக்கும் தாத்தாக்கள் எத்தனை பேர்!

ஏமாற்றுக்காரர்களுக்குப் பென்ஷன்தாரர்கள் என்றால் கொண்டாட்டம். சான்று புதுப்பிக்க வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு கோப்பை அனுப்புவார்கள். அதைத் தொட்டு ஏற்றினால் போன் அவர்கள் வசமாகும். பிளே ஸ்டோரைத் தவிர வேறிடத்திலிருந்து எதையும் ஏற்ற முடியாதபடி அமைப்பில் தடுத்துவைக்கலாம். பணம் போய்விட்டால் உடனே 1930-க்குச் சொல்ல வேண்டும்.

இவ்வளவையும் ஒவ்வொரு வீட்டிலும் மகனே செய்ய வேண்டும் என்று எதிர்பார்ப்பது சரியல்ல. பலருக்கு மகன் பக்கத்தில் இல்லை. பென்ஷன் இலாகா 2022 முதல் ஒவ்வொரு நவம்பரிலும் முகாம் நடத்துகிறது. முகாமில் சான்று எடுப்பார்களே தவிர, போனைச் சீர்செய்து தரமாட்டார்கள். பொங்கலுக்குப் பட்டிமன்றமும் சித்திரைக்குக் கச்சேரியும் நடத்தும் நம் தமிழ்ச் சங்கங்களுக்கு இது ஏன் தோன்றவில்லை? ராஸ்தா பேட்டிலும் கட்கியிலும் தேஹு ரோட்டிலும் கோயில் மண்டபத்திலோ பள்ளிக்கூடத்திலோ ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். நாலு மேஜை, நாலு பிளக் பாயிண்ட், ஒரு வை-ஃபை, ஹிஞ்சவடிப் பிள்ளைகள் ஆறு பேர். போன் இல்லாத பென்ஷன்தாரரும் வரலாம். ஒருவர் போனிலிருந்தே பல பேருக்கு முகச் சான்று எடுக்க முடியும். 80 வயதைத் தாண்டியவர்கள் அக்டோபர் முதல் தேதியிலிருந்தே கொடுக்கலாம் என்பதால், செப்டம்பரிலேயே ஒரு நாளைக் குறித்துவிட்டால் முதலில் அவர்களை முடித்து அனுப்பலாம்.